பின்னிருக்கையில் நீ தேடிய பட்டி

கிளிநொச்சி
ஆனி 14

அன்புள்ள சிவா,

நலம், நலமறிய ஆவல். இந்த வரியை எழுத இம்முறை கூச்சமாக இருக்கிறது. அம்மா இடது கையில் மாவுக்கட்டோடு திண்ணையில் இருக்கிறார். பயப்படாதே, மணிக்கட்டு எலும்புதான். வைகாசி முழுவதும் உனக்குப் பதில் எழுதாததற்கு இதுவே காரணம். இன்னொரு காரணமும் உண்டு. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, மனம் வரவில்லை.

சென்ற ஆவணியில் நீ வந்தபோது என் காரின் பின்னிருக்கையில் ஏறியதும் இரண்டு பக்கமும் கையை விட்டுத் துழாவினாய். "என்ன, காசு விழுந்துவிட்டதா?" என்றான் கட்டைக் குணம். "ஆசனப்பட்டி எங்கே?" என்றாய். பரந்தன் சந்தி வரும்வரை சிரித்தோம். "லண்டன் துரைக்கு, பின்னால் இருந்தாலும் பயம்" என்று சொன்னது நான்தான். குணம் அதை இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டு இரவு பதினொரு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விசுவமடு தாண்டியதும், தார் சூட்டுக்கு வழக்கம்போல மாடுகள் வீதியில் படுத்திருந்தன. வேகம் அறுபதுக்கு மேல் இல்லை. பிரேக்கை மிதித்து, மாட்டைத் தப்பவிட்டு, மதகுக் கட்டில் மோதினேன். முன்னால் இருந்த எனக்கும் மனைவிக்கும் பட்டி அழுத்திய தழும்பு மட்டும். அம்மா என் இருக்கையின் முதுகில் வந்து விழுந்தார். அவர் மடியில் தூங்கிய பேத்தியைக் காணவில்லை. பார்த்தால் காலடியில் சுருண்டு கிடக்கிறாள். ஐந்தாறு வினாடி அவள் அழவில்லை. அந்த வினாடிகளைப் பற்றி வேறொன்றும் எழுத மாட்டேன். பிறகு ஊரே கேட்கும்படி அழுதாள். அம்மாவின் மற்றக் கையில் இருந்த பொங்கல் பாத்திரம் மட்டும் ஆடாமல் இருந்தது. அம்மனின் அருள் என்கிறார், கை முறிந்ததைக் கணக்கில் எடுக்காமல்.

கார் கராஜில் இருந்தபோது குஷன் வேலை செய்பவரை அழைத்து இருக்கை உறையைக் கழற்றச் சொன்னேன். கார் வாங்கிய வருடம் அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று நானே காசு கொடுத்துத் தைப்பித்த உறை. அதன் கீழே பட்டிப் பூட்டுகள் மூன்றும் புதுக் கருக்கு மாறாமல் கிடந்தன! கூடவே மனைவி நான்கு வருடமாகத் தேடிய தோடு ஒன்று, குழந்தையின் பென்சில், ஐந்து ரூபாய்க் குற்றி. ஜப்பானில் பின்னால் இருப்பவரும் பட்டி போடவேண்டும் என்று 2008இலேயே சட்டமாக்கிவிட்டார்கள். அங்கிருந்து கப்பலில் வந்த காருக்கு நான் போர்வை போர்த்திவிட்டேன். உன் நாட்டில் பெரியவர்களுக்கு 1991இலேயே வந்த சட்டம் அது. இங்கே 2011இல் விதி வந்தபோது முன்னிருக்கையோடு நின்றுவிட்டது. பொலிஸார் கண்ணாடிக்குள் பார்ப்பதும் முன்பக்கம் மட்டும்தான், நாங்களும் பொலிஸாருக்காகத்தான் போட்டோம்.

இடப்பக்கப் பட்டி நன்றாக ஓடியது. வலப்பக்கம் பாதியில் நின்றது. செம்மண் தூசியும் வியர்வையும் ஏறித் தடித்துப்போயிருந்தது. முழுவதும் வெளியே இழுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு உள்ளே விட்டோம். இப்போது வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறது, மெல்ல இழுத்தால் விடுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். முன்னிரண்டு பட்டிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. மோதலில் பாரம் தாங்கிய நாடா இழுபட்டு வலு இழந்திருக்கும். ஒருவர் நொறுங்கிய காரிலிருந்து கழற்றியதை மலிவாகத் தருகிறேன் என்றார். அதுவும் அதே கதைதானே என்று மறுத்துவிட்டேன். நடு இருக்கைக்கு இடுப்புப்பட்டி மட்டும்தான், தோளுக்கு ஒன்றுமில்லை.

இரவில் தூக்கம் வராமல் கணக்குப் போடுகிறேன். நம் கணக்கு மாஸ்ரர் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். மணிக்கு 50 கிலோமீற்றரில் சுவரில் மோதுவதும் 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. 70 என்றால் 19 மீற்றர், நெடிய பனை ஒன்று. பனை ஏறுகிறவர் காலில் மாட்டும் தளைநார் இல்லாமல் ஏறுவாரா? அந்த 50இல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கார் நின்றால், 15 கிலோ பேத்தியைப் பிடித்துவைக்க அம்மாவின் கைக்கு 200 கிலோவுக்கு மேல் வலு வேண்டும். நான்கு அரிசி மூட்டை, சிவா! மடியில் இருந்தால் பத்திரம் என்று மூன்று தலைமுறையாக நம்பிக்கொண்டிருக்கிறோம். முன்னால் இருப்பவரும் தப்ப முடியாது. பின்னால் பட்டி போடாதவர் இருந்தால், பட்டி போட்ட முன்னிருக்கைக்காரர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். என் முதுகில் இன்னும் நோவு இருக்கிறது.

முன்பு இந்த வீதியில் குண்டுகுழிதான் நம் வேகத்தடை. இருபதுக்கு மேல் ஓட முடியாது. இப்போது காப்பெற் வீதி வந்துவிட்டது, பழக்கம் மட்டும் அந்த இருபதிலேயே நிற்கிறது.

அம்மாவிடம் பட்டி பற்றிப் பேசினேன். "மாட்டைக் கட்டுகிற மாதிரி என்னைக் கட்டப் போகிறாயா?" என்றார். பிறகு மெதுவாக, "2009இல் தருமபுரத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில், மூட்டைக்கு மேலே இருந்து வந்தேன். அப்போது எதைப் பிடித்துக்கொண்டு வந்தேன்?" என்று கேட்டார். நான் பேசவில்லை. மறுநாள் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டி, "பேத்திக்கு முதலில் போடு, பிறகு பார்ப்போம்" என்றார்.

அதற்குத்தான் உன் உதவி வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தோள்பட்டி கழுத்தில் வந்து அறுக்கிறது. குழந்தை இருக்கை ஒன்று இங்கே தேடி அலுத்துவிட்டேன். உன் மகள் தன் பிள்ளைக்கு வாங்கியது பரணில் கிடப்பதாக முன்பு எழுதியிருந்தாய். விபத்தில் அடிபடாதது என்றால் ஆவணியில் வரும்போது கொண்டுவா. பொதியின் எடைக்குக் காசு நான் தருகிறேன், சண்டை பிடிக்காதே.

விமான நிலையத்திற்கு நானே வருவேன். பின்னிருக்கையில் இடப்பக்கம் உனக்கு, பூட்டைத் தேட வேண்டியதில்லை. நடு இருக்கையைக் குணத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். அவன் வயிற்றைச் சுற்றி அந்த இடுப்புப்பட்டி எட்டுமா என்று நேற்றுப் போட்டுப் பார்த்தோம். இரண்டு விரல் குறைகிறது.

அன்புடன்,
ராசன்