யுனைடெட் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஆட்களை எண்ணினால் ஆதரவு தெரியாது

அன்புள்ள மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு,

வணக்கம்.

ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்தால் நமக்குள் இரண்டு சண்டை. யார் வருகிறார், யார் போகிறார் என்பது ஒன்று. மேனேஜருக்குக் கிளப்பின் நிர்வாகக் குழுவான போர்டு துணை நிற்கிறதா என்பது இன்னொன்று. கொஞ்ச நாளில் இரண்டும் ஒன்றாகிவிடும். "நாலு பேரை வாங்கிக் கொடுத்தாச்சு, இன்னும் என்ன வேணும்?" என்பார் ஒருவர். "கேட்ட ஒரு ஆளைக்கூட வாங்கித் தரலையே" என்பார் அடுத்தவர். வந்த ஆட்களை எண்ணி ஆதரவை அளக்கும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எந்தத் தேதியில் வாங்கினார்கள், முடிவு யார் கையில் இருந்தது, வந்த ஆள் அந்த மேனேஜரின் ஆட்டமுறைக்குப் பொருந்தினாரா என்று பாருங்கள். நம் கிளப்பில் இந்த மூன்றும் சேர்ந்து ஒழுங்காக அமைந்த கோடைகள் நெடுநாள் மேனேஜர் ஃபெர்குசனுக்குப் பிறகு மிகக் குறைவு.

2013-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெர்குசன் விடைபெற்ற அதே கோடையில், பேரம் பேசும் பொறுப்பில் இருந்த டேவிட் கில்லும் போய்விட்டார். ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்த புது மேனேஜர் டேவிட் மோய்ஸுக்கு எவர்ட்டனில் தன்னிடம் ஆடிய ஃபெலாய்னி வேண்டும். ஃபெலாய்னியின் ஒப்பந்தத்தில் 23.5 மில்லியன் பவுண்ட் விடுவிப்புத் தொகை இருந்தது; அதைக் கொடுத்தால் கிளப் அவரை விட்டே ஆக வேண்டும். ஆனால் ஜூலை 31 வரைதான். அந்தத் தேதியை நழுவவிட்டு, விண்டோவின் கடைசி நாளான செப்டம்பர் 2 அன்று 27.5 மில்லியன் கொடுத்தார்கள். ஒரு மாதத் தாமதத்துக்கு 4 மில்லியன் தண்டம். அது போதாதென்று, சீசன் தொடங்குமுன் சேர்ந்து பயிற்சி எடுக்கும் வாய்ப்பும் போனது. ஆள் வந்தார்தான். அதை ஆதரவு என்று எப்படிச் சொல்வது?

ஒப்பந்த நீட்டிப்பைக் காட்டி "பாருங்கள், போர்டு பின்னால் நிற்கிறது" என்று வாதாடுகிறவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும். மோய்ஸுக்குப் பின் வந்த மேனேஜர்களில் மொரின்யோவுக்கு 2018 ஜனவரியில் நீட்டிப்பு. டிசம்பர் 18 அன்று நீக்கம். சோல்ஷேருக்கு 2021 ஜூலையில் நீட்டிப்பு. வாட்ஃபோர்டிடம் 4-1 என்று தோற்ற மறுநாள், நவம்பர் 21 அன்று நீக்கம். டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் நீட்டிப்பு. அக்டோபர் 28 அன்று நீக்கம். கடைசி ஓராண்டு மட்டுமே மிச்சமிருக்கும் மேனேஜரின் பேச்சு டிரெஸ்ஸிங் ரூமில் எடுபடாது, புதிதாக வரவிருக்கும் ஆட்டக்காரரின் ஏஜென்ட்டும் "இவர் அடுத்த வருஷம் இருப்பாரா?" என்று கேட்பார். அந்த வாய்களை அடைக்கத்தான் நீட்டிப்பு. கவனிக்க வேண்டியது எத்தனை ஆண்டு என்பதல்ல, அனுப்பினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து. சாம்பியன்ஸ் லீக் இடம் கைநழுவினால் ஓராண்டுச் சம்பளத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து மோய்ஸின் ஒப்பந்தத்தில் இருந்ததாக அப்போது பரவலாக எழுதினார்கள். அந்த இடம் இனிக் கிடைக்காது என்று உறுதியான இரண்டாம் நாள், 2014 ஏப்ரல் 22 அன்று, அவரை அனுப்பினார்கள்.

மொரின்யோ 2018 கோடையில் கேட்டது நடுத் தடுப்பாட்டக்காரரான சென்டர்-பேக். வந்தவர்கள் ஃபிரெட், டாலோ, மூன்றாம் கீப்பராக லீ கிராண்ட். அப்போது பேச்சில் அடிபட்ட சென்டர்-பேக் மகுவாயரை அடுத்த ஆண்டு, வேறொரு மேனேஜருக்காக, 80 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார்கள். மொரின்யோவையும் அவரது உதவியாளர்களையும் அனுப்பிய செலவு கிளப் கணக்கில் 19.6 மில்லியன் பவுண்ட். இப்படி எழுதும்போது மொரின்யோ பக்கம் சாய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சீசனில் அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பதே ஒரு தண்டனை.

இனி வதந்திக்கு வருவோம். பெண் பார்த்துவிட்டு வந்ததையே கல்யாணம் என்று பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறோம் நாம். இடையில் எத்தனை படி இருக்கிறது! முதலில் ஏஜென்ட் வழியாக விசாரிப்பு. இதற்குக் காசே செலவில்லை. தன் ஆளுக்குச் சொந்தக் கிளப்பிலேயே சம்பள உயர்வு வாங்க ஏஜென்ட்டே இதைக் கசியவிடுவார். 2015-ல் செர்ஹியோ ராமோஸ் வருகிறார் என்று கோடை முழுக்கக் காத்திருந்தோம். ஆகஸ்டில் அவர் ரியல் மாட்ரிட்டில் புது ஒப்பந்தம் போட்டார். அடுத்தது இரண்டு கிளப்புக்கும் இடையே தொகை: முன்பணம் எவ்வளவு, எத்தனை தவணை, எத்தனை ஆட்டம் ஆடினால் கூடுதல் தொகை, மறுபடி விற்றால் பழைய கிளப்புக்கு என்ன பங்கு. மூன்றாவது, ஆட்டக்காரரின் சம்பளமும் சம்மதமும்.

தொகை முடிந்தாலே ஆள் வந்துவிட்டார் என்று நினைப்பவர்களுக்கு, 2022-ல் பார்சிலோனாவின் நடுக்கள ஆட்டக்காரர் ஃபிரெங்கி டி யோங் கதையே போதும். பார்சிலோனாவோடு தொகை கிட்டத்தட்டப் பேசி முடிந்துவிட்டது. ஆனால் பார்சிலோனா அவருக்குத் தள்ளிவைத்திருந்த பழைய சம்பளம் பாக்கி நின்றது. அவருக்கும் அந்த ஊரை விட்டு வர மனமில்லை. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பிரைட்டனிடம் 2-1, பிரென்ட்ஃபோர்டிடம் 4-0 என்று தோற்ற பிறகு ஓடிப்போய் வாங்கியது 30 வயது கஸேமிரோவை. டென் ஹாக் கேட்டது பின்னாலிருந்து பந்தை முன்னே நகர்த்துபவரை. கிடைத்தது பந்தைப் பறிப்பவர். கஸேமிரோ முதல் ஆண்டில் அணியைத் தூக்கி நிறுத்தினார் என்பது உண்மை. ஆனால் ஆட்டமுறை அன்றே மாறிப்போனது.

சேருமுன் செய்யும் உடல் பரிசோதனையான மெடிக்கல் வெறும் சடங்கு என்போரும் உண்டு. 2000-ல் நாம் வாங்கவிருந்த ஸ்ட்ரைக்கர் வான் நிஸ்டல்ராயின் முழங்காலில் சந்தேகம் வந்து டீல் நின்றது. சில நாளில் பயிற்சியிலேயே அவருடைய தசைநார் கிழிந்தது. ஓராண்டு கழித்து, 2001-ல்தான் வந்து சேர்ந்தார்.

கடைசிப் படி காகிதம். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு முதலில் பிரிட்டனின் புள்ளி முறையில் அனுமதி வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 18 வயது நிரம்பாத வெளிநாட்டுப் பையனை எடுக்கவே முடியாது என்பதால், "16 வயது பிரேசில் சிறுவன் இந்த மாதமே வருகிறான்" என்ற செய்தியைத் தாண்டிப் போய்விடலாம். பிறகு ஃபிஃபாவின் கணினியில் இரண்டு கிளப்பும் ஒரே விவரத்தைப் பதிய வேண்டும். ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. 2015 ஆகஸ்ட் 31 அன்று நம் கீப்பர் டி கேயா ரியல் மாட்ரிட் போவதாக எல்லாம் பேசியாயிற்று. ஸ்பெயினின் நள்ளிரவுக் கெடுவுக்குள் காகிதம் போய்ச் சேரவில்லை. இரு கிளப்பும் அறிக்கை விட்டு ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். பதினொரு நாளில் அவர் நம்மிடமே புதிய ஒப்பந்தம் போட்டார்.

இங்கிலாந்தில் ஒரு சலுகை உண்டு. 2025 கோடையில் கெடு செப்டம்பர் 1 மாலை 7 மணி. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள், பேரம் முடிந்ததைத் தெரிவிக்கும் டீல் ஷீட்டை அனுப்பியிருந்தால் மீதிக் காகிதங்களுக்கு 9 மணி வரை நேரம். நம் ஊர்க் கணக்கில் கெடு இரவு 11.30, சலுகை 1.30 வரை. அந்த இரண்டு மணி நேர அமைதியைப் பார்த்து "டீல் செத்துப்போச்சு" என்று போர்டைத் திட்ட வேண்டியதில்லை. காலையில் திட்டலாம்.

நம் விவாதங்களில் அதிகம் விடுபடுவது கணக்குப் புத்தகம். வாங்கிய தொகை ஒரே ஆண்டில் செலவாக ஏறாது. ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து ஏறும். செல்ஸீ எட்டு ஆண்டு ஒப்பந்தமெல்லாம் போட ஆரம்பித்த பிறகு, எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் பரப்பக் கூடாது என்று விதி வந்தது. விங்கர் ஆன்டனியைப் பாருங்கள். 2022-ல் அயாக்ஸிடம் 95 மில்லியன் யூரோவுக்கு வாங்கினோம்; ஐந்து ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 19 மில்லியன். மூன்று ஆண்டு கழித்துப் புத்தகத்தில் மிச்சம் 38. 2025 செப்டம்பரில் ஸ்பெயினின் பெட்டிஸ் கிளப் கொடுத்தது ஏறத்தாழ 22, அதற்கு மேல் சிறு கூடுதல் தொகை. ஆக, அந்த ஒரு கையெழுத்தில் கணக்கில் 16 மில்லியன் நஷ்டம். 2024 கோடையிலேயே விற்றிருந்தால் புத்தக மதிப்பு 57. அதே விலைக்கு விற்றால் நஷ்டம் 35. "அவனை அப்பவே ஏன் விக்கல?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இது. மற்றப் பாதி, 2022-ல் பிரென்ட்ஃபோர்ட் தோல்விக்குப் பிறகு நம் பதற்றத்தை அயாக்ஸ் அறிந்துகொண்டு விலையை ஏற்றியது.

கிளப்பின் இளைஞர் அணியான அகாடமியில் வளர்ந்தவருக்குப் புத்தக மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். விற்றால் வருவது அத்தனையும் அந்த ஆண்டின் லாபம். மெக்டோமினே 2024-ல் நாப்போலி போனதும், கர்னாச்சோ 2025-ல் 40 மில்லியன் பவுண்டுக்குச் செல்ஸீ போனதும், ராஷ்ஃபோர்டை வாங்க ஆள் தேடியதும் இந்தக் கணக்கில்தான். மூன்று ஆண்டில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்ற விதியை மீறி எவர்ட்டனும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டும் 2023-24-ல் புள்ளிகளை இழந்ததைப் பார்த்தபின் எந்த நிதி அதிகாரியும் துணிய மாட்டார். 2026-27 முதல் சம்பளம், வாங்கிய தொகையின் ஆண்டுப் பங்கு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று புது விதி. சொந்தப் பிள்ளையை விற்றால் பரிசு கொடுக்கும் விதி என்ன விதி என்று கோபப்படலாம். மெக்டோமினே போன முதல் ஆண்டிலேயே இத்தாலியில் பட்டமும், லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். ஆனால் அந்தக் கோபத்துக்கு உரியது லீக், மேனேஜர் அல்ல.

2024 கோடையில் யோரோ, டி லிக்ட், மஸ்ராவி, ஸிர்க்ஸீ, உகார்ட்டே என்று ஐந்து பேர் வந்தார்கள். டென் ஹாக்குக்கு இதைவிட என்ன ஆதரவு வேண்டும் என்றோம். ஒன்பது லீக் ஆட்டத்தில் 11 புள்ளி, 14-ம் இடம், நீக்கம். அவரையும் உதவியாளர்களையும் அனுப்ப 10.4 மில்லியன் பவுண்ட். ஐந்து மாதத்தில் வெளியேறிய ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த்துக்காக 4.1 மில்லியன். பிறகு சீசன் நடுவில் அமோரிம் வந்தார், மூன்று டிஃபெண்டர் வைக்கும் 3-4-2-1 முறையோடு. நான்கு டிஃபெண்டர் முறைக்காகச் சேர்த்த அணியில், ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் விங்-பேக் எங்கே இருப்பார்? ஜனவரியில் டோர்குவை வாங்கினார்கள். 42 புள்ளி, 15-ம் இடம், பில்பாவோவில் ஸ்பர்ஸிடம் யூரோப்பா லீக் இறுதித் தோல்வி. ஐரோப்பியப் போட்டி இல்லாத ஆண்டின் நஷ்டம் டிவிப் பணத்தோடு நிற்காது. அடிடாஸ் ஒப்பந்தத்திலும் சாம்பியன்ஸ் லீக் ஆடாத ஆண்டுக்கு 10 மில்லியன் பவுண்ட் பிடித்தம் இருக்கிறது.

2025 கோடையில் குன்யா, எம்பியூமோ, ஷெஷ்கோ என்று முன்வரிசைக்கு மட்டும் கூடுதல் தொகைகளோடு 200 மில்லியன் பவுண்டுக்கு மேல். கடைசி நாளில் கீப்பர் லாமென்ஸ். 3-4-2-1-ல் நடுக்களம் முழுவதையும் இரண்டே பேர் சுமக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. ஆகஸ்ட் முழுக்க பிரைட்டனின் நடுக்கள ஆட்டக்காரர் பலேபா பற்றிய வதந்தி மட்டும் வந்தது. நாம் இரண்டு அணியாகப் பிரிந்து, 200 மில்லியனைக் காட்டிப் பாதிப் பேரும் பலேபாவைக் காட்டிப் பாதிப் பேரும் அடித்துக்கொண்டோம். அமோரிமை நியமித்த அன்றே அவருடைய பதவி ஹெட் கோச். டென் ஹாக் வைத்திருந்தது மேனேஜர் பதவி. ஆள் எடுப்பதில் யார் சொல் நிற்கும் என்பது அங்கேயே தீர்ந்துவிட்டது. 2026 ஜனவரியில் லீட்ஸில் 1-1 டிராவுக்குப் பின், தான் வந்தது மேனேஜராக இருக்கத்தான் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். மறுநாள் வேலை போனது.

ஆகவே அடுத்த முறை ஒரு பெயர் மிதந்து வரும்போது, அந்த ஆளுக்கு ஒப்பந்தம் எத்தனை ஆண்டு மிச்சம், விடுவிப்புத் தொகைக்குக் கடைசித் தேதி உண்டா, கோச்சின் ஆட்டமுறையில் எந்த இடம், அந்த இடத்தில் இருப்பவரை விற்றால் கணக்கில் லாபமா நஷ்டமா என்று கேளுங்கள். ஸ்பெயினில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் விடுவிப்புத் தொகை இருந்தே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. தற்காலிகமாக வேறு கிளப்புக்குப் போகும் லோன் என்றால் வாங்கியே ஆக வேண்டுமா, விருப்பமா என்று பாருங்கள்: நம் ஸ்ட்ரைக்கர் ஹாய்லுண்ட் 2025-ல் நாப்போலி போனபோது, அவர்கள் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றால் 44 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை. நம் பட்ஜெட்டுக்காக இத்தாலி லீகின் புள்ளிப் பட்டியலையும் பார்க்க வேண்டியிருந்தது!

யுனைடெட் நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட்டே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் கிளப்பின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். இரண்டு வரிகளைத் தேடுங்கள். மற்ற கிளப்புகளுக்கு இன்னும் கொடுக்க வேண்டிய டிரான்ஸ்ஃபர் தவணை ஒன்று. அது பெரிதாக இருந்தால் புது விண்டோவின் பணத்தில் ஒரு பகுதி பழைய ஆட்களுக்கே போகும். வழக்கத்துக்கு மாறான செலவு என்று தனியாகக் காட்டும் வரி இன்னொன்று. மேனேஜர்களை அனுப்பிய பணம் அங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
கணக்கையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் சில யுனைடெட் ரசிகர்கள்