குலச்சின்னச் சீட்டுகளை உரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஐரோப்பியப் புத்தகங்களின் அட்டை உட்புறத்தில் ஒட்டியிருக்கும், உரிமையாளரின் குடும்பச் சின்னம் அச்சிட்ட குலச்சின்னச் சீட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நல்ல அறிமுகம். ஆனால் அதில் சொன்ன, சீட்டை ஆவி காட்டி உரித்து ஆல்பத்தில் சேர்க்கலாம் என்ற யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஆவி பட்டால் சீட்டின் பசை மட்டும் இளகாது. அடியில் உள்ள தாளும் சேர்ந்து எழும்பும், தோல் பைண்டிங் சுருங்கும். சீட்டின் முதுகில் நார் பிய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் திட்டுத் திட்டாக மெலிந்து தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, ஆதாரம் போவது. தந்தை, மகன் இருவருக்கும் ஒரே பெயர், சீட்டை அச்சிட்ட செப்புத் தகடும் ஒன்றே என்பது சகஜம். சீட்டு யாருடையது என்று காட்டிக்கொடுப்பது தலைப்புப் பக்கக் கையொப்பமும் புத்தகம் அச்சான ஆண்டும்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். சில சீட்டுகளில் ஓரத்துக்கு உள்ளே இன்னொரு செவ்வக விளிம்பு மேடாகத் தெரியும். முந்தைய உரிமையாளரின் சீட்டு அடியில் இருக்கிறது!

உரிக்காமலே படித்தறிய நிறைய இருக்கிறது. குலச்சின்னத்தின் நடுவில் இருக்கும் கேடயம் கறுப்பு மையில் அச்சானாலும் அதில் நிறம் உண்டு, கோடும் புள்ளியும்தான் நிறத்தைச் சொல்லும். 1638இல் பியேத்ராசாந்தா என்ற இயேசு சபைப் பாதிரியாரின் நூல் வழியே பரவிய முறை இது. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெறுமை வெள்ளி, இரண்டு கோடும் குறுக்கிட்டால் கறுப்பு. மேல் இடப்புறமிருந்து கீழ் வலப்புறம் சரியும் கோடு பச்சை. கேடயத்தில் வலம் இடம் என்பது அதை ஏந்துபவரின் பக்கத்திலிருந்து கணக்கு. ஆகவே கணவன், மனைவி இருவரின் சின்னத்தையும் சேர்த்து நெடுக்காக இரண்டாகப் பிரித்த கேடயத்தில் கணவர் குலம் நம் பார்வைக்கு இடப்பாதியில் இருக்கும், மனைவி குலம் வலப்பாதியில். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

காலத்தைக் கணிக்க ஆங்கிலேயச் சீட்டுகளில் கேடயத்தைச் சுற்றிய அலங்காரச் சட்டகம் உதவும். இருபுறமும் ஒத்த, கனமான சட்டகம் 'ஜாக்கோபியன்', ஏறத்தாழ 1745 வரை. சிப்பி விளிம்பும் பூங்கொத்துமாக ஒருபக்கம் சாய்ந்தது 'சிப்பண்டேல்', ஏறத்தாழ 1740 முதல் 1780 வரை. இரண்டும் இந்தச் சீட்டுகளைப் பற்றி நூல் எழுதிய லெஸ்டர் வாரன் 1880இல் வைத்த பெயர்கள். சட்டகத்தோடு தாளையும் பாருங்கள். ஜாக்கோபியன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் கம்பித்தட வரிகள், அதாவது தாள் வார்த்த சல்லடைக் கம்பிகளின் தடம், தெரிய வேண்டும். வரியில்லாத வழவழப்பான தாள் என்றால், பழைய செப்புத் தகட்டிலிருந்து பின்னாளில் எடுத்த மறு அச்சு. வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான்.

புத்தகமே சிதைந்து, அட்டை மட்டும் மிஞ்சியிருந்தால் சீட்டை எடுப்பதில் தவறில்லை. கையால் வண்ணம் தீட்டியதையோ, பேனாவால் அலமாரி எண் எழுதியதையோ நனைக்கக் கூடாது, கரைந்து ஓடும். மற்றவற்றின் மேல் மெத்தில் செல்லுலோஸ் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்த கூழைத் தடவி, பசை இளகும்வரை காத்திருங்கள். தானாக நழுவினால்தான் எடுக்க வேண்டும். ஒற்றுத்தாள்களுக்கிடையே லேசான பாரத்தில் உலர்த்துங்கள். பாரம் அதிகமானால் தகடு பதிந்த பள்ளம் மறைந்துவிடும், அந்தப் பள்ளம்தான் தகட்டில் செதுக்கி எடுத்த அச்சுக்கு அடையாளம்.

ஆல்பத்தில் செலோடேப் கூடாது. அமிலமற்ற அட்டையில், ஜப்பானியத் தாள் துண்டு இரண்டைக் கோதுமை மாவுப் பசையால் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் பென்சிலால் எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது, அதன் அச்சு ஆண்டு, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள, இத்தகைய சீட்டுகளின் ஃபிராங்ஸ் தொகுப்புக்கு அச்சான பட்டியலில் இருந்தால் அந்த எண், மூன்றையும் அன்றே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழம்புத்தகச் சேகரிப்பாளர் ஒருவர்