காலண்டர் தாளில் வெந்நீர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று சொன்னால் நம்பமாட்டாய், கையால்தானே எழுத வேண்டும்! சோம்பல்தான்.

போன ஞாயிறு பேத்தி வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. பள்ளியில் ஒரு சோதனை செய்துகாட்ட வேண்டுமாம். விடுதியில் நாம் காகிதத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துத் திட்டு வாங்கினோமே, அதையே செய்யலாம் என்றேன். டீக்கடைக் காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி மெழுகுவத்தி மேல் பிடித்தால், குப்பென்று பற்றிக்கொண்டது! அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அப்புறம்தான் பார்த்தேன், கப்பின் அடியில் தண்ணீர் தொடாத வளையம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. எரிந்தது அது மட்டும்தான்.

அடுத்து, மாதக் காலண்டர் தாளைப் பெட்டி போல மடித்தோம். கால் டம்ளர் தண்ணீர். சிறிது நேரத்தில் அடிப்பக்கம் கறுத்தது. "தாத்தா, எரியுது!" என்றாள். மெழுகுவத்தியை நகர்த்திவிட்டு விரலால் தேய்த்தேன். வெறும் புகைக்கரி. அதற்கு அடியில் ஆகஸ்ட் 15 சிவப்பு எழுத்தில் அப்படியே இருந்தது.

தாள் பற்ற ஏறக்குறைய 230 டிகிரி சூடு வேண்டும். தண்ணீரோ 100ஐத் தாண்டாது. தாள் மெல்லியது, அதனால் வாங்கிய சூட்டை உடனே தண்ணீருக்குத் தள்ளிவிடுகிறது. கொதித்த பிறகும் தண்ணீரின் பசி அடங்குவதில்லை. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுவர 100 கலோரி போதும். அதையே ஆவியாக்க இன்னும் 540 வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இந்த 540தான் ஆச்சரியம்.

தண்ணீர் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை மறுநாளே என் வீட்டுக்காரி காட்டினாள். இட்லிப் பானையில் காசு போட்டு வைப்பாள். தண்ணீர் இருக்கும்வரை கடகடவென்று ஆடும். போனில் மகளோடு பேச்சு சுவாரசியம், காசு அடங்கியது காதில் விழவில்லை. பானையின் அடி தீய்ந்து, இட்லியெல்லாம் கருகல் வாடை. பழி என்மேல்தான், கூடத்தில் சும்மா இருந்தேனாம். மின்சார ரைஸ் குக்கருக்கும் இதே சூட்சுமம்தான் என்றேன். தண்ணீர் வற்றி அடி 100ஐத் தாண்டியதும் உள்ளேயுள்ள காந்தம் பிடிப்பை இழந்து சுவிட்சை விட்டுவிடும். "அப்போ உங்களுக்குப் பதிலா அதை வாங்கியிருக்கலாம்" என்றாள்.

ஊட்டியில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாயே, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் நடக்காது. ஒரு காலண்டர் தாளும் தெர்மாமீட்டரும் எடுத்துப் பார்த்து, எத்தனை காட்டியது என்று எழுது. ஜன்னலைச் சாத்திக்கொள், உங்கள் ஊர்க் காற்றில் மெழுகுவத்தி நிற்காது.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்