பீலித் தண்ணி கொண்டுவந்த அக்காவுக்கு

நேற்று காலை அம்மா திண்ணையில் உட்கார்ந்து, யாரும் பிடித்துக்கொள்ளாமல், தன் கையாலேயே டம்ளரைத் தூக்கித் தேத்தண்ணி குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எதையாவது எழுதலாம் என்ற தைரியம் வந்தது.

இலங்கைக்குப் போன இடத்தில் அம்மா விழுந்து, கம்பளை ஆஸ்பத்திரியில் அந்த ஆறு நாள் எப்படிப் போனது என்று நீலகிரியில் பந்தலூர், கூடலூர், சேரம்பாடிச் சொந்தங்கள் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கெல்லாம் போன் போட்டு விசாரித்தவர்கள் நீங்கள்தான். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்ல வேண்டும்.

நாங்கள் போனது பழைய பீக்கொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு. கம்பளைப் பக்கம் மலைச்சரிவில், வெள்ளைக்காரன் காலத்து லயம் ஒன்றையே, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டையே, அருங்காட்சியகமாக்கி 2007இல் திறந்திருக்கிறார்கள். அம்மா பதினைந்து வயதில், 1973இல், தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையக மனிதர்களைப் பங்கு பிரித்தார்களே, அந்தக் கணக்கில் தாத்தா வீடு இந்தப் பக்கம் விழுந்தது, தாத்தாவின் தங்கை வீடு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது, நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

உள்ளே போனதும் அம்மா கண்ணாடிக்குள் வைத்திருந்த எதையும் பார்க்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவின், அந்த லயத்து அறையின், நடுவில் நின்றுகொண்டு, இந்த மூலையில் அடுப்பு, இங்கே அப்பாயி படுக்கும், இந்த இடுக்கில் அப்பாவோட தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி சொருகியிருக்கும், கம்பளி இந்தக் கொடியில தொங்கும் என்று கை காட்டிக்கொண்டே வந்தார். ஏழு பேர் இதற்குள் எப்படிப் படுத்தீர்கள் என்று கேட்டேன். "ஆம்பளைங்க இஸ்தோப்புல படுத்துக்குவாங்க" என்றார், வாசல் திண்ணையைத்தான் அப்படிச் சொல்கிறார். இரண்டாவது காம்பராவில் அம்மா விழுந்துவிட்டார், அதோடு எங்கள் பயணம் முடிந்துபோனது, மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அம்மா வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பீலித் தண்ணி குடு." கண்ணைத் திறக்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. நாற்பது வருஷம் கூடவே இருந்தும் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. நர்ஸுக்கு சிங்களம்தான் தெரியும், பாவம், அவரும் என் முகத்தைத்தான் பார்த்தார். கடையில் வாங்கிய தண்ணீரை ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தால் அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் ஒரு பெண் வந்தார். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்து லயத்தில் இருப்பவர், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அம்மா விழுந்தபோது ஓடிவந்து தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பதுகூட எனக்கு அப்போது அடையாளம் தெரியவில்லை. எப்படி இருக்காங்க தம்பி என்று கேட்டார். அம்மா ஏதோ பீலித் தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் அக்கா, என்னவென்று தெரியவில்லை என்றேன். அவர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் "நாளைக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் அவர் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. புசல்லாவை வழியாக வரும் பஸ்ஸில் ஏறி, மடியில் ஒரு நெக்டோ சோடா போத்தலை வைத்துக்கொண்டு வந்தார். பழைய சேலைத் துண்டில் சுற்றி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். மலையில் ஊறி வரும் தண்ணீரைக் குழாய் வைத்துத் திருப்பி லயத்தடியில் விழவைப்பார்கள், குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாம் அதுதான், அதுதான் பீலி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். விடியற்காலையில் பிடித்து, கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கொண்டுவந்திருந்தார். நேராகக் கொடுத்துவிடவில்லை. நர்ஸிடம் போய் சிங்களத்தில் கேட்டார், உதட்டை நனைக்கலாம், இரண்டு ஸ்பூன் கொடுக்கலாம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் துணியை அவிழ்த்தார். "அக்கா, பீலித் தண்ணி கொண்டாந்திருக்கேன்" என்று அம்மா காதில் சொன்னார். அம்மா வாயைத் திறந்தார்.

பெண்கள் வார்டில் ராத்திரி நான் தங்க முடியாது என்பதால் அன்றைக்கும் அதற்கு அடுத்த ராத்திரியும் அவரே தங்கினார். பணம் கொடுக்கப் போனேன், என் கையை மடக்கிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். பெயரைப் போடாதீங்க என்றும் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

அம்மாவைத் தூக்க ஓடிவந்த அருங்காட்சியகத்துத் தம்பிகள், கூலி வாங்காத ஆட்டோக்காரர், மொழி தெரியாமலே எங்களைத் தேற்றிய டாக்டர்கள், நர்ஸ்கள், எனக்கு மூன்று வேளையும் சோறு போட்ட ஆஸ்பத்திரி எதிர்க்கடை அண்ணன், டிக்கெட்டை மாற்றிக்கொடுத்த நண்பர்கள், பந்தலூரில் சீட்டுப் பணத்தை எடுத்து அனுப்பிய டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டு அத்தைமார்கள், உங்கள் எல்லோருக்கும் ஒரே வரியில் நன்றி சொல்வது குறைவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னைச் சிலோன்காரன் என்று கூப்பிடுவார்கள், எனக்கு அழுகையாக வரும். அதனால் வீட்டில் அம்மா அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன். அவர் எனக்காகத்தான் அந்தச் சொற்களையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது), படங்கு (இடுப்பில் கட்டும் சாக்குத் துணி), காம்பரா, பீலி. இப்போது தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதுகிறேன். தகரப் பெட்டியில் இருக்கும் குடும்ப அட்டை, கப்பல் ஏறும்முன் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பிரதி எடுத்து அந்த அருங்காட்சியகத்துக்கே கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். உங்கள் வீடுகளில் அப்படி ஏதாவது கிடந்தால் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள்.

அக்கா, நினைவு நன்றாகத் திரும்பியதும் அம்மா முதலில் கேட்டது தன் உடம்பைப் பற்றி இல்லை. "அந்தப் புள்ளைக்கு ரெண்டு பேர் போயிருக்குமேடா" என்றார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று உங்கள் ஊர்க் கணக்கு. கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்களாமே, அதையும் அம்மாதான் சொன்னார்.

டாக்டர் சரி என்று சொன்னதும், சித்திரையில் வருகிறோம். மிச்சக் காம்பராக்களைப் பார்க்க வேண்டும். போத்தலைக் கழுவி வைத்திருக்கிறேன்.