கணினிக்கு உதவாத ரிசீவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி ஐந்தாவது கடிதம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
காந்தி நகர், காட்பாடி,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 16.6.2025

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ரிசீவர், அதாவது ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி, என் கணினிக்கு உதவவில்லை என்று நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கும் மின்னஞ்சலில் போயின. நான்குக்கும் "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஒரே பதில், ஒரே எழுத்துப் பிழையோடு வந்தது. அந்தப் பொறுமை மே 14ஆம் தேதி பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே தீர்ந்துபோய்விட்டது. ஆகவே இதை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மார்ச் மாதக் கடைசியில், வாங்குவதற்கு முன்பே, உங்கள் உதவி எண்ணை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வீட்டில் மேசைக் கணினி இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் இருக்கின்றன. ஸ்பீக்கர்களுக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் கிடையாது, மின்தடை 6 ஓம். கணினியின் 5.1 ஒலி, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனியாக வரும் ஒலி, படமானாலும் விளையாட்டானாலும், பிரிந்து பிரிந்து கேட்க வேண்டுமானால் உங்கள் ரிசீவர்களில் எதை வாங்கலாம்? பேசிய பெண் இரண்டு நிமிடம் காக்கவைத்து, யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, இந்த மாடலைச் சொன்னார். "எச்டிஎம்ஐ இருக்கிறது சார், ஒரே கேபிள் போதும்" என்றார். படமும் ஒலியும் சேர்ந்து போகும் கேபிள் அது. மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னதை நம்பி ஏப்ரல் 7ஆம் தேதி உங்கள் இணையதளத்திலேயே 28,900 ரூபாய் கட்டினேன்.

எச்டிஎம்ஐ இருக்கத்தான் இருக்கிறது. பின்பக்கம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. அந்த எச்டிஎம்ஐ துளையில் நுழைவது அப்படியே மானிட்டருக்குப் போய்விடுகிறது. ஒலியை ரிசீவர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. கணினியின் ஒலி அமைப்பைத் திறந்தால் அங்கே மானிட்டரின் பெயர் இருக்கிறது, உங்கள் ரிசீவரின் பெயர் இல்லை. இது எப்படியென்றால், மாடிவீட்டுக்காரருக்கு வந்த தபாலைக் கீழ்வீட்டுக்காரர் பிரிக்காமல் மேலே கொடுத்துவிடுகிறார். நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்கா 28,900 ரூபாய்?

சரி, ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் போடுங்கள் என்றார்கள் உங்கள் ஆட்கள். அதையும் காசு கொடுத்து வாங்கிப் போட்டேன். டால்பி டிஜிட்டல் என்ற சுருக்க முறையில் பதிந்த படத்தை ஓட்டினால் எல்லா ஸ்பீக்கர்களும் பேசுகின்றன, மறுக்கவில்லை. பேரனின் விளையாட்டைப் போட்டால் முன்னால் இருக்கும் இரண்டு மட்டும்தான். விண்டோஸில் 5.1 என்று மாற்றும் இடமே மங்கிப்போய்க் கிடக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. படத்தின் ஒலி ஏற்கெனவே சுருக்கிக் கட்டிய மூட்டை. அது அந்தக் கேபிளில் போய்விடும். விளையாட்டின் ஒலியைக் கணினி சுருக்காமல் தருகிறது. அப்படி வரும்போது ஆப்டிகல் இரண்டு சேனலுக்குமேல், அதாவது இரண்டு தனித்தனி ஒலிக்குமேல், சுமக்காது. உடனுக்குடன் டால்பியாகச் சுருக்கித் தரும் வசதி சில கணினிகளில் உண்டு, என்னுடையதில் இல்லை. ஒழுங்கான எச்டிஎம்ஐ என்றால் எட்டு சேனல்வரை சுருக்காமலே போகும். அதனால்தான் அந்தப் பெண் எச்டிஎம்ஐ என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பணத்தைக் கட்டினேன்.

இதையெல்லாம் மே 6ஆம் தேதி மாலை உங்கள் ஊழியர் ஒருவரிடம் பொறுமையாகச் சொன்னேன். பாதியிலேயே வெட்டி, "ஆப்டிகலில் 5.1 வரும் என்று எங்கள் குறிப்பிலேயே இருக்கிறது சார். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன்கள் யாராவது இருந்தால் போனை அவர்களிடம் கொடுங்கள்" என்றார்.

ஐயா, நான் தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர் என்று எக்ஸ்சேஞ்ச் எக்ஸ்சேஞ்சாகப் போனவன். ஒரு ஜோடிக் கம்பியில் எத்தனை பேச்சை ஏற்றலாம், எத்தனை ஏற்றினால் தாங்காது என்பது அந்தத் தம்பி பிறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் கம்பத்தில் ஏறி நின்றுகொண்டு சந்தாதாரர் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டவன். ஒருநாளும் ஒரு சந்தாதாரரைப் பார்த்து "விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்" என்று சொன்னதில்லை. அந்த ஊழியரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பிழைப்பைக் கெடுப்பது என் நோக்கமல்ல. "இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவைப் போட்டு உங்கள் மேசையில் உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல்.

அந்த ஊழியர்தான் ரிசீவரை "வேலூர் மாவட்டச் சேவை மையத்துக்கு" எடுத்துப் போகச் சொன்னார். குறுஞ்செய்தியில் வந்த முகவரி வாணியம்பாடி. வாணியம்பாடி 2019 நவம்பரிலேயே திருப்பத்தூர் மாவட்டத்தோடு பிரிந்து போய்விட்டது. உங்கள் பட்டியலுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. விட்டால் பழைய வட ஆற்காடு மாவட்டம் என்று சொல்லித் திருவண்ணாமலைக்கும் அனுப்பியிருப்பீர்கள். மாவட்டம் எதுவானால் என்ன, போய்த்தான் பார்ப்போமே என்று கத்திரி வெயிலில் ஒன்பது கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் பிடித்துப் பாலாற்றைத் தாண்டிப் புதிய பேருந்து நிலையம் போய், அங்கிருந்து அடுத்த பஸ். நடத்துநர் பெட்டிக்கும் டிக்கெட் போட்டார். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது கைப்பேசியில் செய்தி வருகிறது: "தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." பெட்டி என் மடியில் இருக்கிறது!

வாணியம்பாடியில் அந்த முகவரியில் இருந்தவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, மோர் வாங்கிக் கொடுத்து, "ஐயா, நாங்கள் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும்தான் பார்க்கிறோம். ஆடியோ எதுவும் எங்களிடம் கிடையாது. உங்களுக்கு முன்னால் இரண்டு பேரை இப்படித்தான் அனுப்பினார்கள்" என்றார். அறுபது கிலோமீட்டருக்கு மேல் போய்க் குடித்த அந்த மோர் ஒன்றுதான் உங்கள் நிறுவனத்தால் நான் அடைந்த பயன். அன்று பிடித்த இடுப்பு வலி இன்றும் விடவில்லை.

பத்து நாளைக்குள் திருப்பித் தந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள் என்பது தெரியும். பொருள் ஏப்ரல் 11 வந்தது. 13ஆம் தேதியே புகார் சொன்னேன். "மென்பொருள் அப்டேட் வருகிறது, பத்து நாள் பொறுங்கள்" என்றது யார்? பொறுத்தேன். பத்தாம் நாள் கழித்து அழைத்தால் "திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது" என்கிறீர்கள். படத்தையும் ஒலியையும் பிரிக்கும் பாகமே உள்ளே இல்லாதபோது எந்த அப்டேட் வந்து அதை முளைக்க வைக்கும்? 28ஆம் தேதி வந்த தொழில்நுட்பர் ஒரு கேபிள்கூடக் கொண்டுவரவில்லை. கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டு, "ஒலி நன்றாகத்தானே வருகிறது" என்று சொல்லி என் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதைத்தான் இப்போது "வாடிக்கையாளர் திருப்தி" என்று காட்டுகிறீர்கள்.

ஓசூரிலிருந்து வந்த பேரனின் கோடை விடுமுறை முழுவதும் இதிலேயே பாழாய்ப் போனது. என் ஆயுளில் ஐந்து வருடம் குறைந்துவிட்டது என்று என் மனைவி சொல்கிறார், நான் மறுக்கவில்லை. அடுத்த வீட்டுப் பையன் ஆறாயிரம் ரூபாய்க் கணினி ஸ்பீக்கரில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின்னைச் செருகிவிட்டு எல்லாப் பக்கமும் ஒலி கேட்கிறான். உங்கள் பெட்டியில் அந்த மூன்றுக்கும் தனித்தனித் துளையும் இல்லை. அவனிடம் முகத்தைக் காட்டவே கூச்சமாக இருக்கிறது.

தயவுசெய்து இந்த ஒரு கடிதத்தையாவது முழுதாகப் படியுங்கள். நான் சண்டைக்காரன் அல்ல. ரிசீவரை எடுத்துக்கொண்டு 28,900 ரூபாயையும், ஆப்டிகல் கேபிளுக்கும் வாணியம்பாடிப் பயணத்துக்கும் ஆன 1,140 ரூபாயையும் 15 நாட்களுக்குள் தந்தால் விஷயம் முடிந்தது. அல்லது எச்டிஎம்ஐ ஒலியை உண்மையிலேயே உள்வாங்கும் உங்கள் வேறு மாடல் ஒன்றைத் தாருங்கள், கூடுதல் விலையை நானே கட்டுகிறேன். இந்த முறை அதை எழுத்தில் உறுதி செய்த பிறகு.

இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பதோடு நிற்க மாட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமையகத்தைத் தேடி வர வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் கிடையாது. இணையத்தில் விற்கும் நிறுவனம் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மன உளைச்சலுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்பேன். நான் ஓய்வுபெற்றவன். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. வழக்குப் போடச் சத்துவாச்சாரிக்குப் போக ஒரே பஸ்தான்.

பில் நகல், நான்கு மின்னஞ்சல்கள், பெட்டிக்குப் போட்ட பஸ் டிக்கெட், பள்ளிகொண்டாவில் வந்த குறுஞ்செய்தியின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: அட்டைப்பெட்டி, தெர்மோகோல், ரிமோட், ஸ்பீக்கர்களின் ஒலி அளவு பார்க்கும் சிறிய மைக் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எடுத்துப்போக ஆள் அனுப்பினால் இரண்டு பேரை அனுப்புங்கள். மாடிப்படி குறுகல், இனி நான் அதைத் தூக்குவதாக இல்லை.