கயிறு தொடாத கைகளுக்கும்

அன்புடையீர்,

மஸ்ஸல் என்பது நாங்கள் கடல்நீரில் தொங்கும் கயிற்றில் ஒட்டவைத்து வளர்க்கும் ஒருவகைச் சிப்பி; இந்தப் பருவத்தின் கடைசி மஸ்ஸல் கயிற்றை நேற்றுத்தான் கரையேற்றினோம். ஓடு கீறிய காயம் ஆறுமுன் இதை எழுதிவிட வேண்டும் என்றிருந்தேன்.

முதல் நன்றி, அறுவடைக்கு நான்கு நாள் முன்பு "எடுக்காதீர்கள்" என்று சொன்ன பரிசோதனைக்கூடத்து அம்மாவுக்கு. நச்சுப்பாசி பெருகியிருந்தது. சிப்பிகளோ பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தன, வாடையும் இல்லை. வேகவைத்தால் சரியாகிவிடாதா என்று உங்களிடம் குரல் உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. அந்த நஞ்சு கொதிநீரிலும் அழியாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். நீர் தெளிந்து, மறுபரிசோதனையில் சுத்தம் என்று வரும்வரை வாரக்கணக்கில் எங்களோடு நீங்களும் காத்திருந்தீர்கள். எங்கள் சிப்பியைத் தின்று ஒருவர்கூடப் படுக்கவில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்.

பெருமழை இரவில் படகோடு வந்த மீனவச் சகோதரர்களே, உங்களுக்கும் நன்றி. உப்பில்லாத வெள்ளநீர் மேலாகப் படர்ந்தபோது, நாங்கள் வளர்க்கும் இன்னொரு வகைச் சிப்பியான ஆளிகள் தங்கள் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு தாக்குப்பிடித்தன; மஸ்ஸலுக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. மிதவைகளை ஆழத்துக்கு இழுத்துப்போய், கயிறுகளை உப்புள்ள அடிநீருக்கு இறக்கித் தந்தீர்கள். கூலி பற்றி ஒரு பேச்சில்லை.

இனி, ஆற்றின் மேல்பக்கத்துக் குடும்பங்களுக்கு. எங்கள் கயிற்றை நீங்கள் தொட்டதே இல்லை. ஆனால் ஆளிக்கு நாங்கள் தீனி போடுவதில்லை. நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியை அது தின்கிறது. வளர்ந்த ஆளி ஒன்று தோதான நீரில் நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேலும் வடிகட்டும். நீரில் கழிவு வந்தால் அதுவும் அதன் உடலில்தான் தங்கும். கசிந்த மலக்குழிகளைச் சொந்தச் செலவில் அடைத்தீர்களே, தொழுவச் சாணம் ஆற்றில் இறங்காமல் வரப்புக் கட்டினீர்களே, எங்கள் விளைச்சலில் பாதி உங்கள் வேலைதான். இதை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

தின்றுமுடித்த ஓடுகளைக் குப்பையில் போடாமல் சேர்த்துத் தந்தவர்களுக்கும் ஒரு செய்தி. அவற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சரமாகக் கோத்து நீரில் இறக்கியிருந்தோம். ஆளியின் இளம்புழு இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரிந்தபின் ஒட்டிக்கொள்ள இடம் தேடும். பழைய ஆளியின் ஓடுதான் அதற்கு மிகவும் பிடித்த இடம். இன்று காலை ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஓடு முழுக்க மிளகளவில் குஞ்சுகள். நீரிறங்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள், காட்டுகிறேன்.

நன்றியுடன்,
சிப்பி வளர்க்கும் பெண்கள் சார்பாக