படிகத்துக்குப் பெயரிடும் முன் கட்டமைப்பைத் தீர்மானியுங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக வளர்ப்பு ஆய்வை வழிநடத்தும் நெறியாளர்களுக்கு,

வணக்கம். நேரியலற்ற ஒளியியலுக்கான, அதாவது லேசர் ஒளியின் அதிர்வெண்ணை மாற்றவல்ல படிகங்களை, விலையுயர்ந்த உலைகள் ஏதுமின்றி, நீர்க்கரைசலை மெல்ல ஆவியாகவிட்டே வளர்த்தெடுக்கும் பொறுமை நம் மாணவர்களிடம் உண்டு. அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிளைசின் என்னும் அமினோ அமிலத்தையும் சோடியம் குளோரைடையும் சேர்த்துக் கரைத்து வளர்த்த படிகத்தின் தூளில் 1064 நானோமீட்டர் லேசர் பட்டு 532 நானோமீட்டர் பச்சை ஒளி எழுந்ததும் (அலைநீளம் பாதியாவதால் அதிர்வெண் இரட்டிப்பாகிறது), இரு பெயர்களையும் ஒட்டிப் புதிய படிகம் என்று அறிவித்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆனால் அந்த உப்பு கரைசலில் போதிய அளவு இருந்தால் கிளைசின் தானே காமா வடிவத்தில் படிகமாகும். உப்பு படிகத்துக்குள் நுழைய வேண்டியதே இல்லை. தூய நீரிலிருந்து வழக்கமாகக் கிடைக்கும் ஆல்ஃபா வடிவத்துக்குச் சமச்சீர் மையம் (ஒவ்வோர் அணுவுக்கும் நேரெதிரே அதே போன்ற அணு அமையும் நடுப்புள்ளி) உண்டு என்பதால் அதில் அதிர்வெண் இரட்டிப்பு நிகழாது. காமாவுக்கு அம்மையம் இல்லை, அதனால் நிகழ்கிறது. பச்சை ஒளி உண்மைதான், பெயர்தான் தவறு. இவ்வாறு புதிய அமினோ அமிலச் சேர்மங்களாக வெளியான பல படிகங்கள், மறு ஆய்வில் தொடக்கப் பொருள்களாகவே அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒரு முனைவர் பட்டத்தின் அடித்தளமே இப்படி ஆட்டங்காண்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எதையேனும் கலந்து பார்ப்பதைவிட, மூலக்கூறுகள் படிகத்தில் எப்படி அடுக்கப்படும் என்று முன்கூட்டியே சிந்திப்பதுதான் இத்துறையின் உயிர். பாரா-நைட்ரோஅனிலின் மூலக்கூறு தனித்த நிலையில் வலுவான நேரியலற்ற பண்பு கொண்டது. ஆயினும் படிகத்தில் மூலக்கூறுகள் எதிரெதிராக அமைந்து ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகின்றன. அதனுடன் ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்த 2-மெத்தில்-4-நைட்ரோஅனிலினில் அந்த அடுக்கு குலைந்து, வலுவான இரட்டிப்பு கிடைக்கிறது. டாஸ்ட் (DAST) என்னும் கரிம உப்புப் படிகத்தில் டோசிலேட் எதிரயனி (எதிர் மின்சுமை கொண்ட துணை அயனி) இதே பணியைச் செய்கிறது. ஒரே கைத்தன்மை கொண்ட (இடக்கை, வலக்கை போன்ற இரு ஆடிப் பிம்ப வடிவங்களுள் ஒன்று மட்டுமே உள்ள) எல்-அமினோ அமிலங்களின் உப்புகளில் சமச்சீர் மையம் தோன்றவே வழியில்லை. ஆனால் விளைவு வலுவாக இருக்கும் என்பதற்கு அது உறுதியாகாது.

ஆகவே, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு பெட்டியான அலகுக்கூட்டின் அளவுகளோடு நிறுத்தாமல், ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் ஆய்வால் முழுக் கட்டமைப்பையும் தீர்த்து, படிகக் கட்டமைப்புகளைத் தொகுத்து வைக்கும் கேம்பிரிட்ஜ் தரவகத்தில் பதிந்த பிறகே பெயரிட மாணவர்களை அனுமதியுங்கள். சென்னை ஐஐடியின் கருவி மையத்துக்கு வெளிக் கல்லூரிகளும் மாதிரி அனுப்பலாம். கர்ட்ஸும் பெர்ரியும் 1968-இல் தந்த தூள் சோதனையைச் செய்யும்போது துகள்களைச் சலித்து அளவுவாரியாகப் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். கட்டப் பொருத்தம் (படும் ஒளியும் இரட்டித்த ஒளியும் படிகத்துக்குள் ஒத்திசைந்து செல்வது) உண்டா என்பது அதில்தான் தெரியவரும்.

அன்புடன்,
படிகவியல் ஆய்வாளர் ஒருவர்